ஐந்து ஊர்க் கம்பு

ஓட்டுநர் வேலைக்குப் போனால் எத்தனை வருடம் வண்டி ஓட்டியிருக்கிறாய் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். அந்த அதிகாரி அம்மா கேட்டது வேறு. என் உரிமத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

"நீங்க வண்டி ஓட்டினதுலயே மோசமான நாள் எது அண்ணாச்சி?"

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அதற்கு முன் நான் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். அந்த வேலை போனதற்குக் காரணமான நாளைத்தான் யாரோ அவரிடம் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மறைத்துப் பயனில்லை என்று நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். புறவழிச்சாலையில் பிரேக் பிடிக்கவில்லை. முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிய ஆட்டோ. இடது பக்கம் உப்பளம். வரப்பை உடைத்துக்கொண்டு உள்ளே இறக்கினேன். லாரி சாய்ந்தது. யாருக்கும் ஒன்றுமில்லை, சரக்கு மட்டும் உப்புத் தண்ணீரில் நனைந்துவிட்டது.

"பொறவு எத்தன நாள் கழிச்சு ஸ்டியரிங்கப் பிடிச்சிய?"

"மறுநாளே பிடிச்சேன்மா. வேற லாரி. முப்பதுக்கு மேல போகல. ஆனா ஓட்டுனேன்."

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வந்துருங்க."

நேர்காணல் அவ்வளவுதான். அதற்குப் பிறகு மூன்று வருடம் அவருக்கு ஜீப் ஓட்டினேன்.

அவர் கம்பு ஆராய்ச்சி செய்கிறவர். நாசரேத்துக்காரர். அப்பாவும் அம்மாவும் பள்ளி ஆசிரியர்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்போது எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஐம்பதைத் தாண்டியிருந்தோம். இருந்தாலும் அவர் என்னை அண்ணாச்சி என்றார், நான் அவரை அம்மா என்றேன். பருத்திச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஆண்கள் போடுகிற ரப்பர் பூட்ஸோடு வயலுக்குள் இறங்குவார். தூறல் விழுந்தால் பேனா மை கரைந்துவிடும் என்று பென்சிலில்தான் எழுதுவார். கதிர் எண்ணும்போது மூக்குக்குள், சர்ச்சில் பாடும் ஞானப்பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். ராகம் எப்போதும் தப்பாகவே இருக்கும். ஆனால் எண்ணிக்கை தப்பாது.

அவருடைய வேலை என்னவென்று முதல் மாதத்தில் எனக்குப் புரியவில்லை. பன்னிரண்டு கம்பு ரகங்கள். அவற்றுக்குப் பெயர்கூட இல்லை, எண் மட்டும்தான். ஐந்து ஊர்களில், ஐந்து விவசாயிகளின் நிலத்தில், ஒவ்வொரு ரகத்தையும் மும்மூன்று பாத்தியில் விதைப்பார்கள். விளாத்திகுளத்துக் கரிசல், சாத்தான்குளத்துச் செம்மண், எங்கள் மாப்பிள்ளையூரணியில் உப்பளத்தை ஒட்டிய கரிப்பு நிலம், ஏரலில் ஆற்றோரத் தோட்டம், உடன்குடியில் பனைகளுக்கு நடுவே சிவந்த மணல். புரட்டாசியில் விதைப்பு, மார்கழியில் அறுவடை. எந்த ஊரில் எந்த ரகம் எவ்வளவு தருகிறது என்று நிறுத்து எழுத வேண்டும். மூன்று வருடம் இப்படிச் செய்து, கடைசியில் மாவட்டத்துக்கு இன்ன ரகம் நல்லது என்று சொல்ல வேண்டும்.

முதல் நாள் ஜீப்பை எடுத்ததும் நான் ஏரல் பாதையில் திருப்பினேன். ஏரல் பக்கம், நிழலான பாதை. அவருக்கு முன்னால் இருந்த அதிகாரி எப்போதும் அங்கேதான் முதலில் போவாராம், அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள்.

"உடன்குடிக்குப் போங்க அண்ணாச்சி."

"அது தூரம்லாம்மா? ஏரலப் பாத்துட்டு..."

"நல்லா இருக்க எடத்த எப்ப வேணா பாத்துக்கிடலாம். கஷ்டப்படுதத மொதல்ல பாத்துருவோம்."

உடன்குடி மணலில் கம்பு முழங்கால் உயரம்கூட வந்திருக்கவில்லை. காற்றடித்தால் மணல் பறந்து குருத்துக்குள் நிரம்பிவிடும். நிலத்துக்காரர் கருப்பட்டி வியாபாரி. பேசிக்கொண்டே இருக்கிற மனிதர். "இந்த மண்ணுல பனையத் தவிர ஒண்ணும் நிக்காதும்மா, நீங்க ஆசைக்குப் போடுதிய" என்று சிரித்தார். அம்மா அதைக் காதில் வாங்காமல், ஒவ்வொரு பாத்தியாகக் குனிந்து குருத்துக்குள் இருந்த மணலை விரலால் தட்டிவிட்டுக்கொண்டு போனார். அப்படித் தட்டுவது ஆராய்ச்சி விதிகளுக்குள் வருமா என்று எனக்குத் தெரியாது. முப்பத்தாறு பாத்தியிலும் ஒன்றுபோலத் தட்டினார். அதனால் யாருக்கும் பாரபட்சம் இல்லை என்று பிறகு சொன்னார்.

இந்தக் குணம் அவருக்கு வயலோடு நிற்கவில்லை. ஓட்டல்களைக்கூட அப்படித்தான் பார்ப்பார். மதியம் ஒரு மணிக்குச் சோறு நன்றாக இருந்தால் அதை அவர் கணக்கில் எடுக்கமாட்டார். "மூணரை மணிக்குப் போய் என்ன இருக்குன்னு கேளுங்க. அப்ப முகம் சுளிக்காம எதையாவது சூடா தாரானா, அதுதான் கடை" என்பார். சாத்தான்குளத்தில் ஒரு கடையில் அந்நேரத்துக்குத் தோசையும் பொடியும் கொடுத்தார்கள். மூன்று வருடமும் அங்கேதான் சாப்பிட்டோம்.

என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அவரிடம் சொன்னேன். பையன் நல்ல வேலை, நல்ல குடும்பம், பெண் பார்க்க வந்த அன்று எல்லாரும் அவ்வளவு மரியாதையாக இருந்தார்கள் என்றேன்.

"பொண்ணு பாக்க வாரப்ப எல்லாரும் மரியாதையாத்தான் இருப்பாவ. அந்த வீட்டுல ஒரு நாள் மோட்டார் ஓடாம இருக்கும்லா, தண்ணி வராம இருக்கும்லா, அன்னைக்குச் சொல்லாமப் போய்ட்டு வாங்க."

"மோட்டார் எப்ப ஓடாதுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அது உங்க சாமர்த்தியம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. அந்தத் தெருவில் எனக்குத் தெரிந்த பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் இருந்தார். இரண்டு வாரம் கழித்து அவர் போன் செய்து, காலையிலிருந்து தெரு முழுக்கத் தண்ணீர் இல்லை என்றார். அந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்ததாகச் சொல்லிக்கொண்டு போனேன். பையன் அடிபம்பில் தண்ணீர் அடித்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவருக்குமாகக் குடம் குடமாகத் தூக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து வெட்கப்பட்டான். நான் திரும்பி வந்து கல்யாணத்துக்கு நாள் குறித்தேன்.

இரண்டாவது வருடம் அறுவடை முடிந்தபோது ஒன்பதாம் ரகம் எல்லாருக்கும் முன்னால் நின்றது. ஏரலில் அது வளர்ந்ததைப் பார்க்க வேண்டும். என் தலைக்கு மேல் ஒரு முழம். கதிர் ஒவ்வொன்றும் மணி பிதுங்கி, பிடித்தால் கை நிறைந்தது. ஏரல் நிலத்துக்காரர் அறுபது வயது இருக்கும், அதிகம் பேசாதவர். அவரே அந்தப் பாத்தியின் முன் நின்று, "எம்மா, இந்த வெதைய எப்பத் தருவிய?" என்று கேட்டார். ஐந்து ஊர் விளைச்சலையும் சேர்த்துச் சராசரி பார்த்தாலும் ஒன்பதுதான் முதலில் வந்தது.

எங்கள் மேலதிகாரி மகிழ்ந்துபோனார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு மேலே இருந்தவர்கள் அவரை அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். கணக்குக் கோப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு அவரே வாசலுக்கு வந்தார். நான் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

"மேடம், ஒன்பதையே கொடுத்துடலாம். உடன்குடி மட்டும்தான் இடிக்குது. அங்க ஒன்பது கிட்டத்தட்ட ஒண்ணுமே தரல. அந்த ஊரை மட்டும் ரிப்போர்ட்ல விட்டுடுவோம். மணல்காட்டுல யார் கம்பு போடுறா?"

"கருப்பட்டி வியாபாரி போடுதாரு சார். அவரு பங்காளிங்க பதினாலு குடும்பம் போடுது. நான் போய் எண்ணிட்டு வந்தேன்."

"ஒரு பதினாலு குடும்பத்துக்காக மாவட்டத்தையே நிறுத்தி வைக்கிறதா?"

"நிறுத்த வேண்டாம் சார். தண்ணி உள்ள எடத்துக்கு ஒன்பதுன்னு சொல்லுவோம். மானாவாரிக்கு நாலாம் ரகம்னு சொல்லுவோம். ரெண்டு ரகத்துப் பேரு சொல்லுவோம்."

"விவசாயிக்கு ஒரு பேரு சொன்னாத்தான் புரியும்."

"அவங்களுக்குப் புரியும் சார்" என்றார் அவர். மூன்றாம் வருடமும் பார்த்துவிட்டு முடிவு செய்வது என்று பேச்சு நின்றது.

அந்த வாரம் உடன்குடி போய்த் திரும்பும் வழியில் நான் கேட்டேன். "சராசரில ஒன்பதுதானேம்மா ஜாஸ்தி? பிறகு என்ன?"

வண்டியை நிறுத்தச் சொன்னார். ஜீப் முகப்பில் உடன்குடிச் செம்மண் தூசி படிந்திருந்தது. அதில் விரலால் ஐந்து புள்ளி வைத்தார். இடது கோடியில் உடன்குடி, வலது கோடியில் ஏரல், நடுவில் மற்ற மூன்று ஊர். மோசமான நிலத்திலிருந்து நல்ல நிலத்துக்கு. பிறகு ஒன்பதாம் ரகத்துக்கு ஒரு கோடு போட்டார். உடன்குடியில் தரையில் கிடந்து ஏரலில் செங்குத்தாக ஏறியது. நாலாம் ரகத்தின் கோடு அவ்வளவு ஏறவுமில்லை, அவ்வளவு இறங்கவுமில்லை.

"சராசரியில ஏரல்காரர் வயிறு நெறஞ்சது தெரியுது. உடன்குடிக்காரர் வயிறு காஞ்சது தெரியல. ரெண்டு பேருக்கும் வேற வேற வயிறுலா?"

எனக்குச் சட்டென்று விளங்கியது. "எங்க கம்பெனில ஒரு லாரி இருந்துச்சும்மா. புதுசு. காலி ரோட்டுல பறக்கும். லோடு ஏத்திப் பாலத்துல ஏறச் சொன்னா நின்னுரும். பழைய வண்டி ஒண்ணு உண்டு, எங்கயும் அதே வேகந்தான். ஆனா எந்தப் பாலத்துலயும் நின்னதில்ல. தூரத்துக்கு நாங்க அதத்தான் எடுத்துட்டுப் போவோம்."

அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "இத முன்னாலயே சொல்லியிருந்தா நான் இத்தன வருசம் படிச்சிருக்க வேண்டாமே அண்ணாச்சி!" என்றார். அடுத்த கூட்டத்தில் அந்த லாரிக் கதையை மேலதிகாரியிடமே சொன்னாராம். அவருக்கு அது பிடிக்கவில்லையாம்.

மூன்றாம் வருடம் ஐப்பசி, கார்த்திகை இரண்டும் நல்ல மழை. ஐந்து ஊரிலும் பயிர் நன்றாக வந்தது. மற்ற நாலு ஊரிலும் முன்கூட்டியே அறுத்து முடித்தோம். ஏரலில் மட்டும் மணி முற்ற இன்னும் ஐந்தாறு நாள் தேவைப்பட்டது. அந்த ஐந்தாறு நாளுக்குள்தான் மழை வந்தது.

அதை மழை என்று சொல்வதா என்று தெரியவில்லை. குளங்கள் உடைந்தன. ஆறு கரையை மறந்துவிட்டது. தூத்துக்குடித் தெருக்களில் படகு போயிற்று. எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். மனைவியையும் வீட்டுக்கு வந்திருந்த மகளையும் மாடிவீட்டில் விட்டுவிட்டு நான் தவித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் வடிந்து பாதை திறந்த அன்று காலையில் அவர் போன் செய்தார். முதலில் என் வீட்டைப் பற்றி, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேட்டார். பிறகுதான், "ஏரலுக்குப் போவ முடியுமா அண்ணாச்சி? முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க" என்றார்.

போனோம். பாலத்தின் ஒரு பக்கம் அரித்துப் போயிருந்தது. ஜீப்பை அங்கேயே விட்டுவிட்டு நடந்தோம். கையில் துணிப் பைகள், பாத்தி எண் எழுதிய அட்டைகள், ஒரு தராசு.

அந்தத் தோட்டத்தை அடையாளம் தெரியவில்லை. முழங்கால் ஆழத்துக்கு வண்டல். கம்பு எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. ஆனால் முழுக்கப் போய்விடவில்லை. அங்கங்கே கதிர்கள் சேற்றுக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருந்தன. பாத்தி முனையில் அடித்திருந்த முளைக்குச்சிகளில் பாதி நின்றன. அவர் அவற்றை வைத்து மற்றப் பாத்திகளை அளந்து கண்டுபிடித்தார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

"ஒரு கைப்பிடி இருந்தாலும் ஒரு கைப்பிடின்னு எழுதணும் அண்ணாச்சி. வெள்ளத்துல எது தாங்கும்னு யாருக்கும் தெரியாது. இன்னைக்கு விட்டா நாளைக்குக் கதிர்லயே மொளச்சிரும்."

மேல் வரிசையிலிருந்து ஆரம்பித்தோம். மூக்குக்குள் பாட்டு ஓடியது. இரண்டு பாத்தி முடித்து மூன்றாவதில் இருந்தோம்.

வரப்பில் ஏரல்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் அங்கே இருந்ததை அதுவரை நாங்கள் கவனிக்கவே இல்லை. அரைத் துண்டு மட்டும் உடுத்தியிருந்தார். எழுந்து வந்தார்.

"என் ரெண்டு பசுவும் போச்சு. வீட்டுச் செவுரு விழுந்துட்டு. என் வீட்டுக்காரி உள்ள கெடந்து சேத்த வாருதா. நீங்க வந்து கதிர எண்ணிக்கிட்டு இருக்கிய."

சத்தம் போடவில்லை. சொல்லிவிட்டு மறுபடி வரப்பில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பாட்டு நின்றுவிட்டது. அம்மா கையில் ஒரு கதிர் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கதிரைப் பைக்குள் போடாமல் சேற்றில் வைத்தார். கீழே போடவில்லை, வைத்தார்.

"மம்பட்டி எங்கன இருக்கு?" என்று கேட்டார்.

அந்த வீட்டுக்குள் போனோம். நிலத்துக்காரரின் மனைவி அடுக்களையில் தனியாக ஒரு எவர்சில்வர் தட்டால் சேற்றை அள்ளி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். யார் என்றுகூடக் கேட்கவில்லை. நகர்ந்து இடம் விட்டார். இரண்டு நாள் அங்கே சேறு வாரினோம். அருகிலிருந்த பள்ளிக்கூடத்தில் மற்றவர்களோடு படுத்துக்கொண்டோம். அம்மாவுக்கு உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது, சேலை முந்தியைச் சுற்றிக்கொண்டு மறுபடி மண்வெட்டி பிடித்தார். இரண்டாம் நாள் மதியம்தான் ஏரல்காரர் வரப்பிலிருந்து எழுந்து வந்து எங்களோடு சேர்ந்துகொண்டார்.

முதல் நாள் மாலை, அம்மாவுக்குத் தெரியாமல் நான் ஒரு காரியம் செய்தேன். மனசு கேட்கவில்லை. மூன்று வருட உழைப்பு அங்கே சேற்றில் கிடந்தது. போய் என்னால் முடிந்த அளவு கதிர்களை அறுத்துப் பைகளில் கட்டி, தோராயமாக அட்டை போட்டு எடுத்து வந்தேன். மறுநாள் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு பையாகப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இது எந்த வரிசை அண்ணாச்சி?"

"அது... மூணாவதும்மா. இல்ல, நாலாவதோ. முளைக்குச்சி சாஞ்சு கெடந்துச்சு."

"இது?"

எனக்குத் தெரியவில்லை.

"நீங்க செஞ்சது பெரிய காரியம்" என்றார். குரல் மிகவும் மெதுவாக இருந்தது. "ஆனா தெரியாதத எப்படித் தெரியும்னு எழுதுறது?" பைகளைப் பிரித்து, பிழைத்திருந்த நாலைந்து கோழிகளுக்கு முன்னால் கொட்டினார். கோழிகள் பசியில் விழுந்து விழுந்து தின்றன. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மூன்றாம் நாள் வயலுக்குப் போனபோது மீதிக் கதிரெல்லாம் முளைத்துப் பச்சைப் பசேலென்று இருந்தது.

அலுவலகத்தில் மேலதிகாரி அவருக்கு ஒரு வழி சொன்னார். அந்த மனிதரை நான் குறை சொல்லமாட்டேன். உதவி செய்வதாகத்தான் நினைத்தார்.

"ஏரலுக்கு எல்லா ரகத்துக்கும் பூஜ்யம் போட்டுடுங்க மேடம். வெள்ளம். யாரும் கேக்க மாட்டாங்க. எந்த ரகம் வந்தாலும் எனக்குச் சரி, இந்த வருஷம் முடிச்சுடுவோம்."

அப்படிப் போட்டிருந்தால் ஒன்பதாம் ரகம் சறுக்கியிருக்கும். அது ஏரலை நம்பித்தான் முதலில் நின்றது. இவர் ஒரு வருடமாகப் பேசிவந்த நாலாம் ரகம் சுலபமாக மேலே வந்திருக்கும். எனக்கே அது தெரிந்தது, அவருக்குத் தெரியாதா?

"பூஜ்யம்னா அளந்து பாத்து ஒண்ணும் இல்லன்னு அர்த்தம் சார். நான் அளக்கவே இல்லையே."

பதிவேட்டில் பென்சிலால் "ஏரல்: அளக்கவில்லை" என்று எழுதினார். நேரில் சென்றும் ஏன் அளக்கவில்லை என்று விளக்கம் கேட்டு அவருக்குக் குறிப்பாணை வந்தது. அவர் எழுதிய பதிலை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், அதனால் வாசித்தேன். ஒரே வரி. "அன்று அங்கே வேறு வேலை இருந்தது."

மூன்று வருடக் கணக்கு முழுமையாக இல்லை என்று முடிவு ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. அடுத்த விதைப்புவரை அவர் எங்களோடு இருந்தார். விதை ஊன்றி முடித்த வாரத்தில் மாற்றல் உத்தரவு வந்தது. வடக்கே ஒரு மாவட்டம். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம்கூட இல்லை. சண்டை போடவில்லை. தூத்துக்குடி கீழூர் ரயில் நிலையத்தில் நான்தான் பெட்டியை ஏற்றிவிட்டேன். "புதுசா வாரவர உடன்குடிக்கு மொதல்ல கூட்டிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்த வருடம் மழை பொய்த்தது. முந்திய வருடம் கொட்டியதெல்லாம் கடலுக்குப் போயிருந்தது. கார்த்திகையில் நான் புதிய அதிகாரியை உடன்குடிக்குக் கூட்டிப்போனேன். கருப்பட்டி வியாபாரி தன் நிலம் முழுக்கப் பழைய விதையைப் போட்டிருந்தார். அத்தனையும் காய்ந்து வெள்ளையாக நின்றது. நடுவில் எங்கள் சோதனைப் பாத்திகள். அவற்றிலும் பெரும்பாலானவை காய்ந்துதான் இருந்தன. நாலாம் ரகத்தின் மூன்று பாத்திகளில் மட்டும் பச்சை. கதிர் சின்னது, ஆனால் மணி பிடித்திருந்தது. வியாபாரி ஒரு கதிரைப் பிடித்து மணியை நசுக்கிப் பார்த்தார். அந்தப் பச்சையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

கடைசியில் அறிவிப்பு வந்தது. தண்ணீர் வசதி உள்ள நிலத்துக்கு ஒன்பது, மானாவாரிக்கு நாலு. அம்மா அன்று வாசலில் நின்று சொன்ன அதே இரண்டு பெயர். விதை வழங்கும் விழாவில் யார் யாருக்கோ பொன்னாடை போட்டார்கள். அவர் பெயரை ஒருவரும் சொல்லவில்லை.

ஓய்வுபெற்று நாசரேத்துக்குத் திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டு ஒரு நாள் பார்க்கப் போனேன். மூட்டு வலி வந்து நடை சற்றுச் சாய்ந்திருந்தது. விழாவைப் பற்றிக் கோபமாகச் சொன்னேன். அவருக்கு அது பெரிதாகப் படவில்லை. உடன்குடியில் அந்த வறண்ட வருடம் நான் பார்த்ததைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். வெள்ளையாகக் காய்ந்த நிலத்தையும் நடுவே நின்ற பச்சையையும்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்த வருசமே விதை போயிருந்தா அந்தப் பதினாலு வீட்டுக்கும் சோறு இருந்திருக்கும். நான் ஏரல்ல ஒரு நாள் கதிர அறுத்திருந்தா விதை போயிருக்கும். இதப் பல தடவ கூட்டிக் கழிச்சுப் பாத்துட்டேன் அண்ணாச்சி."

அவர் நிம்மதியாக இருப்பார் என்று அத்தனை நாளும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏரலுக்குப் போவோமாம்மா?" என்றேன்.

மருமகனின் காரை வாங்கிக்கொண்டு அடுத்த வாரமே போனோம். வீடு புதிதாகக் கட்டி, பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள். ஏரல்காரர் வாசலிலேயே அம்மாவைக் கண்டு, துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றார். அவர் மனைவி ஒன்றும் சொல்லாமல் இலை போட்டார். சோறும் மீன்குழம்பும். நாங்கள் சாப்பிடும்போது ஏரல்காரர் எதிரே உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்:

"அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா. எனக்கு அப்பத் தெரியல. நீங்க அந்தக் கதிர எண்ணியிருந்தா வெதை ஒரு வருசம் முந்தியே வந்திருக்கும்னு பொறவுதான் சொன்னாவ."

அம்மா இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். "ஆமா" என்றார். "வந்திருக்கும்."

மீன்குழம்புச் சட்டியோடு நின்றிருந்த ஏரல்காரரின் மனைவிதான் பேசினார். அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

"வெதை வந்திருக்கும். நல்லதுதான். இந்த மனுசன் ரெண்டு நாளு வரப்ப விட்டு எந்திரிக்கல. நான் அந்தச் சேத்துக்குள்ள ஒத்தையில நின்னு, இதோட போயிருவோம்னுதான் இருந்தேன். அப்பத்தான் நீங்க வந்து, மம்பட்டி எங்கன இருக்குன்னு கேட்டிய."

சட்டியைக் கீழே வைத்துவிட்டு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, கொப்பளம் ஆறித் தழும்பாகியிருந்த இடது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

அம்மா அந்தக் கையை எடுத்துக்கொள்ளாமல் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு வலது கையால் இலையை இழுத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க" என்றார்.